ஆயா வீட்டுப் பரணில் கிடைத்த ‘பேசற பொட்டி’: இந்தப் பாகங்களுக்குப் பெயர் என்ன?

தறிச்சத்தம்:

எல்லாருக்கும் வணக்கம். குடியாத்தம் நடுப்பேட்டையில் எங்கள் ஆயா வீட்டை இடித்துக் கட்டப் போகிறோம். போன ஞாயிற்றுக்கிழமை பரணைக் காலி செய்தபோது பித்தளை அண்டாக்களுக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டி கிடைத்தது. தையல் மெஷின் மூடி மாதிரி வளைந்த மூடி. திறந்தால் கறுப்பு இரும்புத் தட்டு, ஓரத்தில் பொன்னிறக் கோடு, நடுவில் வெள்ளிபோல மின்னும் ஒரு உருளை. கிராமபோன் என்றுதான் நினைத்தோம், ஆனால் இசைத்தட்டு வைக்க இடமே இல்லை. ஆயா இருந்தவரை இதைப் ‘பேசற பொட்டி’ என்பார். தொடவிட மாட்டார்.

கூடவே ஒரு பிஸ்கட் டின். அதில் உதிரிச் சாமான்கள். வேட்டி விரித்து, எண் எழுதிய சீட்டு வைத்துப் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். 1: சாவி. 2: வட்டமான டப்பி, அடியில் மீன்வால் மாதிரி ஒரு கனமான துண்டு தொங்குகிறது. 3: அதே அளவில் இன்னொரு டப்பி, ஆனால் மீன்வால் இல்லை. 4: மெல்லிய பட்டை ஸ்பிரிங்கில் ஒரு ஈயக் குண்டு, பட்டை ஒடிந்திருக்கிறது. 5: புனல். இதில்தான் இத்தனை வருடம் மண்ணெண்ணெய் ஊற்றினோம், அதன் வாய் பித்தளை. 6: பென்சில் முனை அளவு பிளேடு, சின்னப் பிடியோடு. 7: அட்டை டப்பாவில் பஞ்சுத்துணி சுற்றிய ஒரு பழுப்புக் குழாய், மெழுகு மாதிரி.

பழைய இரும்பு வாங்குகிறவர் எடை போட்டு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

ஊசிமுனை:

கொடுக்காதீர்கள், ஆனால் பெரிதாக ஆசைப்படவும் வேண்டாம். டர்ன்டேபிளும் கையும் போய்விட்ட பழைய கிராமபோன் இது. இரண்டும் இல்லையென்றால் அலங்காரத்துக்குத்தான் ஆகும். 2-ம் 3-ம் சவுண்ட் பாக்ஸ், ஊசியின் அதிர்வைச் சத்தமாக்குகிற டப்பி. 3 உடைந்தது, கனம் விழுந்துவிட்டது, தூக்கிப் போடுங்கள். வேலூர் லாங் பஜாரில் தேடினால் ஊசி கிடைக்கலாம். என்னிடம் 78 சுற்று இசைத்தட்டு நானூறுக்கு மேல் இருக்கிறது, அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மரையாணி:

தம்பி, எதையும் தூக்கிப் போட வேண்டாம். மேலே நண்பர் சொன்னது தட்டுப் பெட்டிக்குப் பொருந்தும், இதற்கு இல்லை. இதில் டர்ன்டேபிள் ஒருநாளும் இருந்ததில்லை. இது ஃபோனோகிராஃப். எடிசன் 1877-இல் தகரத்தாள் சுற்றிய உருளையில் குரலைப் பிடித்தாரே, அந்த வம்சம். பிறகு தகரத்தாள் போய் மெழுகு வந்தது. நான் காட்பாடியில் முப்பத்தைந்து வருடம் லேத் ஓட்டியவன், இந்த மாதிரிப் பெட்டிகள் மூன்று என் கையில் பிரிந்து சேர்ந்திருக்கின்றன.

முதலில் பெட்டிக்கு உள்ளேயே இருப்பது. அந்த வெள்ளி உருளைக்கு மாண்ட்ரல் என்று பெயர். நிக்கல் முலாம் பூசியது. கூர்ந்து பார்த்தால் ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் ஒடுங்கியிருக்கும், மெழுகுக் குழாயின் உட்புறமும் அதே சரிவு. அதனால் குழாயைத் தள்ளினால் தானாகவே ஓரிடத்தில் பிடித்துக்கொள்ளும். பிடித்தபின் அழுத்தக் கூடாது, அழுத்தினால் விரிந்து உடையும்.

மாண்ட்ரலோடு சேர்ந்து சுற்றுகிற, மயிரிழை மரை போட்ட தண்டு ஒன்று இருக்கும், பாருங்கள். அதன் மேல் ஒரு அரை நட்டு உட்கார்ந்திருக்கும். நட்டை நீளவாக்கில் பாதியாக அறுத்த மாதிரி, உள்ளே மரை. தண்டு சுற்றச் சுற்ற அந்த அரை நட்டு நகரும், அதோடு சேர்ந்த வண்டியும் நகரும். வண்டி என்று நான் சொல்வது டப்பியைத் தாங்குகிற கை. அது பின்னால் உள்ள வழவழப்பான கம்பியில் சறுக்கிப் போகும். தட்டுப் பெட்டியில் பள்ளமே ஊசியை உள்ளே இழுத்துக்கொண்டு போகும், இதில் மரைத்தண்டு கொண்டுபோகும். இரண்டுக்கும் இதுதான் பெரிய வித்தியாசம். இன்னொன்று, தட்டில் ஊசி பக்கவாட்டில் ஆடும். இதில் மேலும் கீழும் ஏறி இறங்கும், மேடும் பள்ளமுமான சாலையில் மாட்டுவண்டி போகிற மாதிரி.

எண் 4 கவர்னருடையது, அதாவது வேகத்தைக் கட்டுப்படுத்துகிற அமைப்பு. பெட்டியைத் திறந்து அடியில் பாருங்கள், இதே மாதிரி இன்னும் இரண்டு குண்டு தொங்கும், மொத்தம் மூன்று. வேகம் கூடினால் குண்டுகள் வெளியே விரியும், ஒரு வட்டத் தகடு நகர்ந்து தோல் துண்டில் உரசும், வேகம் குறையும். எண் 5 புனல் இல்லை, கொம்பு. வாய்ப் பித்தளையோடு சேர்த்து நீளம் அளந்து சொல்லுங்கள். எண் 2 ரீப்ரொட்யூசர், குரலைத் திருப்பிச் சொல்வது. மூன்றைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அதைக் கவிழ்த்து, பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள்.

கோட்டை அகழி:

ஊசிமுனை அண்ணன் தட்டுக் கட்சி, அதனால் அவருக்குக் குழாய் கண்ணில் படவில்லை போல. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாய் மார்க் படம் எல்லாருக்கும் தெரியும், கொம்புக்கு முன்னால் உட்கார்ந்த நாய். பிரான்சிஸ் பாரோ என்கிற ஓவியர் முதலில் வரைந்தபோது அந்த நாய் கேட்டுக்கொண்டிருந்தது இந்த மாதிரி சிலிண்டர் ஃபோனோகிராஃபைத்தான். 1899-இல் கிராமபோன் கம்பெனிக்காரர்கள் படத்தை வாங்கியபோது, சிலிண்டரை அழித்து எங்கள் பெட்டியை வரைந்து கொடு என்றார்கள். அவரும் மேலேயே வரைந்துவிட்டார். அண்ணன் வீட்டு இசைத்தட்டு லேபிளில் நாய்க்கு அடியில் ஒரு சிலிண்டர் பெட்டி புதைந்திருக்கிறது!

ஊசிமுனை:

சரி, தட்டு இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் 3-ல் கனம் விழுந்துவிட்டது என்பதில் மாற்றமில்லை. 2-ஐயும் 3-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவு.

தறிச்சத்தம்:

மரையாணி ஐயா, முதலில் ஒன்று: நான் தம்பி இல்லை, பெண்பிள்ளை. பரவாயில்லை, இந்தப் பெயரைப் பார்த்தால் எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

கொம்பு 14 அங்குலம், உடம்பு கறுப்புத் தகரம். அடித்தட்டில் ஒரு சின்னத் தகடு இருக்கிறது, எழுத்து தேய்ந்துவிட்டது, வரிசையாகத் தேதிகள், 1898 மட்டும் படிக்க முடிகிறது. பெட்டி முன்பக்கம் ‘எடிசன் ஸ்டாண்டர்டு ஃபோனோகிராஃப்’ என்று கொடி மாதிரி ஒரு படத்துக்குள் எழுதியிருக்கிறது, பாதி உரிந்துவிட்டது. மாண்ட்ரலின் வலப்பக்கம் கேட் மாதிரி ஒரு கை திறந்து மூடுகிறது. அப்படியென்றால் 1898-இல் செய்ததா?

மரையாணி:

மன்னிக்கணும்மா. அந்தத் தேதிகள் காப்புரிமைத் தேதிகள், செய்த தேதி இல்லை. கடைசித் தேதிக்கு முன்னால் செய்திருக்க முடியாது என்பது மட்டும் நிச்சயம். ஸ்டாண்டர்டு 1898-இல் வெளிவந்தது. ஆனால் வளைந்த மூடி ஆரம்பத்தில் கிடையாது, சில வருடம் கழித்துத்தான். கேட் மாதிரி திறக்கிற கை பழைய அமைப்பு, மாண்ட்ரலின் வலது முனையைத் தாங்குவதற்காக வைத்தது. பிற்பாடு அதை எடுத்துவிட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 1900-க்குப் பிறகு, ஆனால் ரொம்பப் பிறகு இல்லை. அந்தக் கொம்பு இதற்குப் பொருந்துகிறது. டின்னில் சின்ன ரப்பர் குழாய் ஏதும் இருந்ததா? கொம்பையும் டப்பியையும் இணைப்பது அதுதான். ரப்பர் என்பதால் கல்லாகியிருக்கும்.

இன்னொன்று செய்யுங்கள். மரைத்தண்டில் அங்குலத்துக்கு எத்தனை மரை என்று கண்ணால் எண்ண முடியாது. வண்டி நிற்கிற இடத்தில் பின்கம்பியில் பென்சிலால் கோடு போடுங்கள். அரை நட்டு மரையில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு மாண்ட்ரலைக் கையாலேயே மெதுவாக 50 முறை சுற்றுங்கள், முன்பக்கமாக. வண்டி எவ்வளவு நகர்ந்தது என்று அளந்து சொல்லுங்கள். சாவி கொடுத்து ஓட்டாதீர்கள்.

தறிச்சத்தம்:

சுற்றியாயிற்று. நான் சுற்ற என் மகள் எண்ணினாள், 31-இல் தப்பு விட்டுவிட்டு மறுபடி முதலில் இருந்து. 50 சுற்றுக்குச் சரியாக அரை அங்குலம். ரப்பர் குழாய் இருந்தது ஐயா, கறுப்புக் கல் என்று நினைத்து ஓரமாக வைத்திருந்தேன்.

மரையாணி:

அப்படியென்றால் அங்குலத்துக்கு 100 மரை. இரண்டு நிமிடக் குழாய்க்கான மெஷின். 1908-இல் எடிசன் கம்பெனி நான்கு நிமிடக் குழாய் கொண்டுவந்தது, அங்குலத்துக்கு 200. அதற்காகப் பல பழைய மெஷின்களில் கூடுதல் பல்சக்கரம் மாட்டினார்கள். உங்களுடையதில் மாட்டவில்லை, பிறந்தபடியே இருக்கிறது. எனக்கு அதுதான் சந்தோஷம்.

ஓடும்போது நிமிடத்துக்கு 160 சுற்று வரவேண்டும். மாண்ட்ரலில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, கால் நிமிடத்தில் 40 தடவை விரலில் படுகிறதா என்று பார்த்தால் போதும். ஆனால் அது பிறகு. ஒடிந்த கவர்னர் பட்டையோடு ஓட்டினால் மெஷின் பேய் பிடித்த மாதிரி ஓடும்.

ஊசிமுனை:

ஸ்பிரிங் விஷயத்தில் மட்டும் நான் சொல்வதைக் கேளுங்கள், இது தட்டுக்கும் குழாய்க்கும் பொது. ஸ்பிரிங் டப்பாவைப் பிரிக்காதீர்கள். சாவி கொடுத்த இறுக்கம் அப்படியே உள்ளே இருக்கும், எத்தனை வருடம் ஆனாலும். நான் ஒரு பெட்டியை ஒரு கடையில் கொடுத்தேன், பையன் இறுக்கத்தை விடாமலே மூடியைக் கழற்றினான். பாம்பு சீறுகிற மாதிரி வெளியே வந்தது, பக்கத்தில் நின்ற எனக்குக் கட்டை விரலில் ஆறு தையல். வேலூரில் மருத்துவமனைக்குக் குறைவில்லை என்பதுதான் ஒரே ஆறுதல்.

ஆம்பூர் தோல்:

யாரும் பெல்ட் பற்றிப் பேசவில்லையே. மோட்டார் கீழே, மாண்ட்ரல் மேலே, நடுவில் தோல் பெல்ட் ஓடவேண்டும். படத்தில் தட்டின் துளை காலியாக இருக்கிறது. இது நம்ம ஊர்ச் சரக்கு, வெளியே தேட வேண்டாம். புல்லியின் அகலத்துக்கு ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) குறைவாக, மெல்லிய தோல். குரோம் போட்ட செருப்புத் தோல் வேண்டாம், இழுக்க இழுக்க நீளும். ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய ஆட்டுத்தோல் கேளுங்கள், எங்கள் தாத்தா காலத்தில் இங்கே எல்லாம் அதுதான். இரண்டு முனையையும் சாய்வாகச் சீவி ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பசை. தைக்கக் கூடாது, கிளிப் போடக் கூடாது. முடிச்சு புல்லியில் ஏறும்போதெல்லாம் டக் டக் என்று பாட்டில் கேட்கும். நூல் கட்டி நீளம் எடுத்து அனுப்புங்கள், வெட்டித் தருகிறேன். காசு வேண்டாம், ஓடும்போது வீடியோ போட்டால் போதும்.

தறிச்சத்தம்:

ரொம்ப நன்றி அண்ணா. நீளம் எடுத்துத் தனியாக அனுப்புகிறேன்.

எண் 3-ஐக் கவிழ்த்து, என் கணவர் நகைக்கடையில் வைத்திருக்கும் லென்ஸ் வழியாகப் படம் எடுத்தேன். எண் 2-ல் மீன்வால் ஒரு சின்னக் கீலில் மாட்டியிருக்கிறது, அதன் நடுவில் சிறு கம்பி வளைவு, அதில் மிளகாய் விதையைவிடச் சின்னதாக ஒரு கல். கல் உருண்டை. எண் 3-ல் கீல் மாட்டுவதற்கான காதே இல்லை, ஒடிந்த தழும்பும் இல்லை. மெல்லிய கண்ணாடிமேல் நேராகக் கல் ஒட்டியிருக்கிறது, அதன் விளிம்பு கிண்ணம் மாதிரி குழிந்து கூராக இருக்கிறது. நகத்தில் வைத்தேன், சீவியது.

மரையாணி:

நினைத்தேன்! அது உடைந்த ரீப்ரொட்யூசர் இல்லை அம்மா, ரெக்கார்டர். பதிவு செய்கிற டப்பி. உருண்டைக் கல் பள்ளத்தைத் தடவிப் படிக்கும், கூரான கல் பள்ளத்தை வெட்டும். கனம் விழவில்லை, அதற்குக் கனமே கிடையாது. ஊசிமுனை, ஒத்துக்கொள்கிறீரா?

அப்போது எண் 6-க்கும் கணக்கு சரியாகிவிடுகிறது. அது சீவுகத்தி. பழைய மெஷின்களில் வண்டியிலேயே மாட்டுவார்கள். பதிவு செய்த குழாயில் மேல்தோலைச் சீவிவிட்டால் வழவழப்பாகிவிடும், மறுபடி பேசலாம். சிலேட்டு துடைக்கிற மாதிரி. தட்டுப் பெட்டியில் வீட்டுக்காரன் கேட்கத்தான் முடியும், இதில் பேசவும் முடியும். இந்த மெஷினின் மகிமையே அதுதான், கொம்பும் பித்தளையும் இல்லை.

ஊசிமுனை:

ஒத்துக்கொண்டேன் ஐயா. தூக்கிப் போடச் சொன்னதற்குக் கட்டை விரலில் இன்னும் இரண்டு தையல் போட்டுக்கொள்கிறேன்.

கோட்டை அகழி:

ஆயா இதைப் பாட்டுப் பொட்டி என்று சொல்லவில்லை, பேசற பொட்டி என்றுதானே சொன்னார்?

தறிச்சத்தம்:

அதைப் படித்ததும் எனக்குக் கையெல்லாம் சில்லென்று ஆகிவிட்டது. இன்னொன்று சொல்ல மறந்தேன். பிஸ்கட் டின்னிலும் மெஷின் தட்டுக்கு அடியிலும் பழுப்பாக ஒரு தூள். சுருள் சுருளாக, மெல்லியது. ஆயாவின் மூக்குப்பொடி என்று நினைத்து அம்மா துடைக்க வந்தார்.

மரையாணி:

நிறுத்துங்கள்! அது மூக்குப்பொடி இல்லை, மெழுகுச் சீவல். வெட்டும்போதோ சீவும்போதோ விழுவது. உங்கள் வீட்டில் யாரோ இந்த மெஷினில் பேசியிருக்கிறார்கள், அல்லது சீவியாவது இருக்கிறார்கள். எண் 7-ஐப் பார்க்க வேண்டும். ஆனால் எப்படி எடுக்க வேண்டும் என்று சொல்கிறேன், அவசரப்படாதீர்கள்.

குழாயை வெளிப்பக்கம் தொடக் கூடாது. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளே விட்டு விரித்தால் குழாய் விரலில் நிற்கும். ஏசி அறையில் இருந்து எடுத்த குழாயைச் சூடான கையால் பிடித்தால் சில சமயம் கையிலேயே விரிசல் விடும். பெயர்தான் மெழுகு, உண்மையில் ஒருவிதச் சோப்பு, உலோகச் சோப்பு. நம்ம ஊர் கத்திரி வெயிலில் பரணில் கிடந்தும் இது உருகாமல் பிழைத்ததே பெரிது. வெள்ளைப் புள்ளி இருந்தால் பூஞ்சை, தண்ணீர் படக்கூடாது, துணியால் தேய்க்கக் கூடாது.

பார்க்க வேண்டியது மூன்று: நிறம், ஓரத்தில் எழுத்து இருக்கிறதா, கோடுகள் ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை சீராகப் போகிறதா. 1902-க்குப் பிறகு எடிசன் கம்பெனி அச்சில் வார்த்து விற்றது கறுப்புக் குழாய், கடினமானது, சீக்கிரமே ஓரத்தில் பாட்டின் பெயரையும் பொறிக்க ஆரம்பித்தார்கள். பழுப்பு அதைவிட மென்மையானது. வெற்றுக் குழாய் என்று வாங்கி வீட்டில் பதிவு செய்ததும் பழுப்புதான்.

தறிச்சத்தம்:

பழுப்பு, பால் கலந்த காப்பி நிறம். ஓரத்தில் எழுத்து இல்லை. டப்பாவிலும் சீட்டு இல்லை. ஒரு முனையில் வெள்ளைப் புள்ளிகள், சுமார் கால் அங்குலம். கோடுகள் நடுவில் ஆரம்பித்து முக்கால் வரை போய் நின்றுவிடுகின்றன, மீதி வழவழப்பு.

ஊசிமுனை:

கடைச் சரக்கு பாதியில் நிற்காது. இது வீட்டுப் பதிவு. போட்டுக் கேளுங்கள், தயவுசெய்து!

மரையாணி:

போடவே கூடாது. ஊசிமுனை, ஆசை எனக்கும் இருக்கிறது. ஆனால் அந்த மீன்வால் டப்பி, படத்தைப் பார்த்தால் மாடல் சி, கறுப்புக் கடினக் குழாய்க்காக வந்தது. பழுப்பின் மேல் அந்தக் கனம் ஏறினால் முதல் தடவையிலேயே கொஞ்சம் உழுதுவிடும். அவசரத்தில் ரெக்கார்டர் டப்பியை மாட்டிவிட்டால் முடிந்தது கதை, பழைய குரல்மேல் புதிய பள்ளம். நூறு வருடம் தாண்டியது இரண்டு நிமிடத்தில் போய்விடும்.

இதற்கென்று லேசான முள் வைத்த மின்சாரக் கருவிகள் இருக்கின்றன. பிரான்சில் ஆன்ரி ஷமூ செய்த ஆர்க்கியோபோன் பல ஆவணக் காப்பகங்களில் ஓடுகிறது. தொடாமலே ஒளியால் பள்ளத்தை அளந்து ஒலியாக்குகிற முறையையும் அமெரிக்காவில் பெர்க்லி ஆய்வகத்தில் கார்ல் ஹேபர் குழு செய்துகாட்டியது. முதலில் அப்படிப்பட்ட ஒரு காப்பகத்துக்குப் படத்தோடு எழுதுங்கள். அதுவரை குழாயை நிமிர்த்தி நிற்க வையுங்கள், படுக்க வைத்தால் வளையும்.

கோட்டை அகழி:

யார் பேசியிருப்பார் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். கல்கத்தாவில் ஹேமேந்திர மோகன் போஸ் 1900-களில் ஃபோனோகிராஃப் விற்றார், தாகூர் குரலைக்கூடக் குழாயில் பிடித்தார். நம்ம பக்கம் 1905-இல் மெட்ராஸ் அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் மெழுகுக் குழாயில் பாட்டும் பேச்சும் பதிவு செய்தார், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அவர்கள் எல்லாம் பெரிய இடம். குடியாத்தத்தில் நெசவு வீட்டில் யார் கொம்புக்கு முன்னால் உட்கார்ந்தார்கள்?

தறிச்சத்தம்:

நெசவு வீடுதான், ஆனால் ஆயாவின் தாத்தா கைலி வியாபாரம், மெட்ராசுக்குப் போய் வருவாராம். அம்மாவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவர் வாங்கினாரா, யாரிடமாவது கடனுக்கு எடுத்துக்கொண்டாரா, சொல்ல ஆள் இல்லை.

இரும்புக்காரரை அனுப்பிவிட்டேன். பெட்டி இப்போது கீழ் அறை பீரோவில், குழாய் தனி டப்பாவில் நிமிர்ந்து நிற்கிறது. நேற்று இரவு லென்ஸ் வைத்துக் கோடுகளை மட்டும் பார்த்தேன், தொடவில்லை. சில இடத்தில் கோட்டின் அடி நெளிநெளியாக இருக்கிறது, நடுவில் ஓரிடத்தில் நாலைந்து சுற்று கண்ணாடி மாதிரி சமமாகப் போகிறது, அப்புறம் மறுபடி நெளிவு. அது கெட்டுப்போன இடமா ஐயா?

மரையாணி:

இல்லைம்மா. சத்தம் இருந்தால் நெளியும், இல்லையென்றால் சமமாகப் போகும். 160 சுற்று ஒரு நிமிடம், நாலைந்து சுற்று என்றால் இரண்டு விநாடிக்குக் கொஞ்சம் குறைவு. பேசுகிறவர் மூச்சு வாங்கியிருக்கிறார், இல்லை அடுத்து என்ன சொல்வது என்று யோசித்திருக்கிறார்.

அந்தச் சீவலைச் சின்ன டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். என்ன கலவை என்று பார்க்க உதவும். வீட்டில் பெருக்குகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

தறிச்சத்தம்:

சொன்னேன் ஐயா. அம்மா பாதியைக் காலையிலேயே பெருக்கிவிட்டார். மீதி விபூதி டப்பாவில் இருக்கிறது.